நெட்டையாக ஓடிய நாற்றைத் திருத்தும் முறை

நாற்று நெடுநெடுவென்று நிற்பதைக் கண்டு மகிழ்வது நம்மில் பலருக்கு வழக்கம். அடுத்த வீட்டுத் தக்காளி நாற்று நான்கு விரற்கடை உயரம் இருக்க, நம் நாற்று ஒரு சாண் நின்றால், கைராசி என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தண்டு நூல்போல் மெலிந்து, நிறம் வெளிறி, விதையிலைக்குக் கீழே வெறுங் காம்பாக நீண்டு, பூவாளி நீர் பட்டவுடன் சாய்ந்து படுக்கும் நாற்றை வளர்ந்த நாற்று என்று சொல்லுதல் தகாது. அது வெளிச்சம் தேடி ஓடிய நாற்று. அதனை நடுமுன் திருத்த இயலுமா, எதனைத் திருத்தலாம், எதனைக் கைவிட வேண்டும் என்பவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் என் அநுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் ஐந்து குழித்தட்டுகளில் தக்காளி விதைத்தேன். தட்டு ஒன்றுக்கு 98 குழி. ஆக 490 நாற்று. அடைமழைக்கு அஞ்சி அவற்றை வீட்டுத் திண்ணையில் அடுக்கிவைத்தேன். பத்தாம் நாள் அவை தெருப்பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. தறி நெய்யும் அண்டைவீட்டு நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது கஞ்சி போடாத பாவுபோல அல்லவா இருக்கிறது? தறியில் ஏற்றினால் அறுந்துபோகுமே!” என்றார். நான் கேட்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வரப்போரம் நட்டேன். முதல் மழையில் பாதிக்குமேல் மண்ணில் படிந்து, தண்டு அழுகிப் போயிற்று. நண்பர் சொன்ன உவமை சரியானதே. நீளம் இருந்தது, முறுக்கும் வலுவும் இல்லை.

இது ஏன் நேருகிறது? விதைக்குள் இருக்கும் ஆகாரம் சொற்பம். மண்ணுக்குள் இருட்டில் முளைத்த செடி, அந்த ஆகாரத்தை இலைக்கும் வேருக்கும் செலவிடாமல், முதலில் வெளிச்சத்தை எட்டுவதற்காகத் தண்டை நீட்டுவதிலேயே செலவிடும். வெளிச்சம் கிட்டியதும் நீளுவது நின்று, இலை விரிந்து பசுமை ஏறும். வெளிச்சம் போதவில்லையானால் மண்ணுக்கு மேலே வந்த பின்னும் தான் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணிச் செடி ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் முளைகளை வைத்துச் செய்த பரிசோதனைகளை 1880-இல் வெளியிட்டனர். முளையின் நுனியை மட்டும் மூடிவிட்டால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று அவர்கள் கண்டனர். அதாவது வெளிச்சத்தை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழேயுள்ள தண்டு. திண்ணை நாற்று தெருவைப் பார்த்துச் சாய்ந்ததன் காரணம் இதுவே.

நெருக்கமும் அதே வேலையைச் செய்யும். இலையானது செந்நிற ஒளியைப் பெரும்பாலும் உண்டுவிட்டு, அதற்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளியைத் தாண்ட விட்டுவிடுகிறது. ஆகவே அண்டைச் செடியின் இலையில் பட்டு வரும் ஒளியைக் கொண்டே ஒரு நாற்று, தன்னை மற்றொன்று மறைக்கப் போகிறது என்று அறிந்துகொள்கிறது. உடனே முந்திக்கொள்ள நீளுகிறது. ஒரு பாத்தியில் இரு பாத்தி விதையைத் தூவினால் நாற்று முழுவதும் நெட்டையாவது இதனால்தான்.

வேறொரு விதமான நெட்டையும் உண்டு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நெல் நாற்றங்காலில் எல்லா நாற்றும் ஒரே அளவாக இருக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மட்டும் வெளிறி, மற்றவற்றைத் தாண்டி ஒல்லியாக நிற்குமானால், அது வெளிச்சக் குறைவு அன்று. விதையில் வந்த பூசணம். ஜப்பானியர் இதனைப் பகானே, அதாவது ‘மூட நாற்று’ என்ற பொருளில் அழைத்தனர். 1926-இல் தைவான் தீவில் பணிபுரிந்த குரோசாவா என்பவர், அப்பூசணம் சுரக்கும் ஒரு பொருளே நாற்றை நீட்டுகிறது என்று காட்டினார். பின்னர் 1935-இல் யபூட்டா என்பவர் அப்பொருளுக்கு ஜிப்ரெலின் என்று பெயரிட்டார். செடிகளும் தமக்கு வேண்டிய ஜிப்ரெலினைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் இனங்கள் குட்டையாக நிற்பதற்கே காரணம், அவற்றில் இந்த ஜிப்ரெலின் குறைவாக உண்டாவதுதான்! ஒரே பொருள் நாற்றங்காலில் பகையாகவும், அதன் குறைவு களஞ்சியத்தில் நெல்லாகவும் முடிந்தது. நிற்க, மூட நாற்றுக்கு மருந்து தேட வேண்டாம். கண்டவுடன் பிடுங்கி எரித்துவிடுக. அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்கலாகாது. அடுத்த போகத்தில் கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்க.

இனிக் காய்கறி நாற்றுக்கு வருவோம். ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம் பக்கங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிடுவோர் பலர் இப்பொழுது நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டு நாற்று விடுகின்றனர். அங்கே நாற்று ஓடுவதற்கு முதற்காரணம் ஒரே ஒரு நாள் சோம்பல்! விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடிவைப்பது முளைப்புக்கு நல்லது. ஆனால் தக்காளி நான்கைந்து நாளில் முளை காட்டிவிடும். முளை மண்ணைத் தள்ளும் அன்றே தட்டுகளைப் பிரித்துப் பரப்ப வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஓரிரவிலும் பகலிலும் ஓடிய நீளம் பின்பு குறையவே குறையாது. அடுத்த காரணம் வலை. கோடைக்குக் கட்டிய 50 சதவீத நிழல்வலையை ஐப்பசி கார்த்திகை மேகமூட்டத்திலும் அப்படியே விட்டுவைக்கிறோம். வானமே பாதி மூடியிருக்கையில் வலை மீதியையும் மூடிவிடுகிறது. மழை வெறித்த நாட்களில் வலையைச் சுருட்டி வைப்பதற்குக் காசு செலவில்லை. மூன்றாவது, தண்ணீரும் யூரியாவும். வெளிறிய நாற்றைக் கண்டு பசி என்று எண்ணி யூரியாக் கரைசல் தெளிப்பவர் உண்டு. அது ஓடுகிறவனைச் சாட்டையால் அடிப்பது போலாகும்.

ஓடிவிட்ட நாற்றைத் திருத்துவது எங்ஙனம்? எந்தப் பயிரானாலும் முதலில் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்; ஆனால் ஒரேயடியாக அன்று. நிழலில் இருந்த மெல்லிய இலையை நடுப்பகல் வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். முதலிரண்டு நாள் காலை இளவெயில், அடுத்து முற்பகல் வரை, ஒரு வாரத்தில் முழு வெயில் என்று பழக்குக. தட்டுகளுக்கு இடையே இடைவெளி விடுக. காலையில் ஒரு முறை மட்டும் நீர் ஊற்றி, மாலையில் மேல்மண் காய விடுக. வீட்டுக்குள் விளக்கொளியில் நாற்று விடுவோர் விளக்கை நாற்றின் தலைக்கு ஏறக்குறைய ஓர் அடி உயரத்திற்குள் இறக்க வேண்டும். விளக்கு விலகினால் வெளிச்சம் மிக வேகமாகக் குறைந்துவிடும். நம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லாதபோது விளக்குக்கு ஏன் மின்கட்டணம் செலுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

தக்காளிக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. அதன் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். ஆகவே நீண்டுவிட்ட தண்டு வீண் அன்று, புதைத்தால் வேராகிவிடும். நாற்று இளையதாக இருக்கையிலேயே கண்டுகொண்டால், ஆழமான பாலித்தீன் பைக்கு மாற்றி, விதையிலை மட்டத்திற்கு மண் அணைத்துவிடலாம். நடவுப் பருவம் வந்த பின் கண்டால், அடியிலைகளைக் கிள்ளிவிட்டு ஆழ நடுக. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆற்றுக்கால் நன்செய் மண் களிப்பாங்கானது. மழைக்காலத்தில் ஆழக்குழியில் நீர் நின்று தண்டு அழுகும். அத்தகைய நிலத்தில் பாரின்மேல் நீளவாக்கில் இரண்டங்குல ஆழத்தில் சிறு வாய்க்கால் கீறி, நாற்றைப் படுக்கை வசமாகக் கிடத்தி, நுனியில் நான்கு இலை மட்டும் வெளியே நிற்க மண் மூடுக. ஓரிரு நாளில் நுனி தானே நிமிர்ந்துவிடும். நான் மறு ஆண்டு இம்முறையில் நட்ட நாற்றுகள், குட்டை நாற்றுகளுக்குப் பின்வாங்காமல் காய்த்தன. ஒட்டு நாற்றாயின் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். மேற்செடி வேர்விட்டால் ஒட்டுக்கட்டியதன் பயனே போய்விடும்.

கத்தரியையும் மிளகாயையும் தக்காளியைப்போல் எண்ணிவிடலாகாது. அவை தண்டில் அவ்வளவு எளிதாக வேர் விடுவதில்லை. ஒரு விரற்கடை ஆழம் கூட்டி நடலாம், அதற்குமேல் வேண்டாம். பாகல், புடல், வெள்ளரி போன்ற கொடிகளின் இளந்தண்டைப் புதைத்தால் அழுகும். அவை ஓடியிருந்தால் புதிதாக விதைப்பதே மேல். கொடி விதை முளைக்க ஒரு வாரம். அதற்காக நோயாளியைத் தூக்கிச் சுமப்பானேன்?

கைப்பக்குவம் ஒன்று உண்டு. நாற்றின் இலை உலர்ந்திருக்கும் வேளையில், மெல்லிய கழி ஒன்றை நாற்றுகளின் தலையைத் தடவினாற்போல் மெதுவாக இழுத்து, நாள்தோறும் பத்து இருபது முறை இப்புறமும் அப்புறமும் அசைக்க வேண்டும். காற்றில் ஆடும் செடி குட்டையாகவும் தடித்தும் வளர்வதுபோல, இந்த அசைவுக்கும் தண்டு தடிக்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் இது நன்றாகப் பலன் தரும். மிளகாயின் இலை எளிதில் நைந்துவிடும். ஆகையால் அதற்கு வேண்டாம். இலை ஈரமாக இருக்கையில் செய்தால் நோயைத் தட்டு முழுவதும் பரப்பிவிடுவோம். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் ஊர்களில் நடவு செய்வோர் இதனை அவசியம் கைக்கொள்ள வேண்டும். அக்காற்று நூல்தண்டு நாற்றை ஒரு பகலில் முறித்துவிடும்.

நெல் சாகுபடியாளரின் இடர் வேறு. பிசானத்திற்கு நாற்று விட்டுவிட்டு, பாபநாசம் அணை நீரையோ மழையையோ எதிர்நோக்கி இருக்கும்போது, நாள் கடந்து நாற்று நீண்டுவிடுகிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குறுகிய கால நெல்லை 18 முதல் 22 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். மத்திய கால நெல்லுக்கு 25 முதல் 30 நாள் பொறுக்கலாம். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். அதனை நான்கு சென்டில் அடக்கிவிட முயல்பவர் நாற்றையே நெருக்கி ஓட விடுகிறார். நீர் வரும் நாள் உறுதியாகாத ஆண்டில் நாற்றங்காலுக்குத் தழைச்சத்து உரம் கூட்டாமல், நீரையும் ஓர் அங்குலத்திற்கு மேல் கட்டாமல் வைத்தால் நாற்று சற்று அடங்கி நிற்கும்.

நாள் கடந்த நாற்றையே நட நேர்ந்தால், குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக வைக்கலாம். கொத்துக் கொத்தாக அள்ளி வைத்தால் புதுத் தூர் வெடிப்பதில்லை, கதிர் தருவது அப்புதுத் தூர்களே. அடியுரத்தில் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்துத் தூர்கட்டச் செய்க. நுனி கிள்ளி நடுவது நம் பெரியோர் வழக்கம். சாய்வதும் குறையும், இலை நுனியில் தண்டுத் துளைப்பான் இட்ட முட்டைக் குவியலும் அதனோடு போய்விடும். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் கண்ட பகுதியில் நுனி கிள்ளுதல் கூடாது. கிள்ளிய காயமே அந்நோய்க்கு வாயிலாகும். அங்கே நீண்ட நாற்றை நீண்டபடியே, வயலில் நீரைக் குறைத்து வைத்து, காற்று அடங்கிய மாலை நேரத்தில் நடுக.