காசு கொடுப்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் அதோடு வந்த ஒரு பக்கக் கொள்கை அறிக்கையும் கிடைத்தன. விளம்பர நிறுவன வேலையை விட்டுவிட்டு, தோழிகள் இருவரோடு மதுரையில் டிசைன் ஸ்டூடியோ தொடங்கியிருக்கிறாய். சமூகத்துக்குப் பயன்படும் வேலைகளை மட்டுமே எடுப்போம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அறிக்கையில் சமத்துவம், மாற்றம், அறம் என்று நல்ல சொற்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. தாளும் நல்ல கனம். அதைச் சுவரில் மாட்டு. இந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள். பில் போடும் நாட்களில் உதவும்.

நீ இறங்கியிருக்கும் வேலையில் ஒரு கோணல் உண்டு. ஜவுளிக்கடைக்கு விளம்பரம் செய்கிறாய். அது எடுபடவில்லை என்றால் கல்லாப்பெட்டி முதலாளியிடம் சொல்லிவிடும். தொண்டு நிறுவனத்துக்கோ அரசுத் துறைக்கோ செய்யும்போது காசு கொடுப்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். படிப்பவருக்குப் புரியாமல் போனால் அது யார் காதுக்கும் வராது. 'பத்தாயிரம் துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன' என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி ஏறும், கைதட்டுவார்கள், அடுத்த வேலையும் உனக்கே வரும். நீ யார் பக்கம் என்ற கேள்வி அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் வரும்.

நான் தொடங்கிய புதிதில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு ஓஆர்எஸ் கரைசல் கொடுப்பது பற்றி ஒரு துண்டறிக்கை செய்தேன். ஒரு பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்; செய்தி அவ்வளவுதான். அளவுக்கோடு போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். வேலை கொடுத்தவர்கள் பார்த்தவுடன் ஓகே சொல்லிவிட்டார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் காட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இந்தச் சாமான் எங்க வீட்டுல இல்லியே தம்பி. சொம்புல ஊத்துனா எத்தன சொம்பு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சொம்பு வீட்டுக்கு வீடு ஒரு அளவு. தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு கூடிவிடும். வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. அன்று மாலையே ஜாடியை எடுத்துவிட்டு, எந்த வீட்டிலும் காலியாகக் கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வரைந்தேன். பார்க்க அழகாக இல்லை. அந்தத் துண்டறிக்கையை எந்தப் போட்டிக்கும் நான் அனுப்பியதில்லை. என் நல்ல வேலைகளில் முதலாவது எது என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வேலையும் அச்சுக்குப் போகும் முன் ஐந்து பேர் கைக்குப் போகும். "புரியுதா?" என்று மட்டும் கேட்காதே, மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "இதப் பாத்துட்டு என்ன செய்வீங்க?" என்று கேள். போகவர ஆகும் செலவையும், அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்கான கூலியையும் கொட்டேஷனிலேயே எழுது. எழுதாவிட்டால் அவசரம் வரும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

தமிழில் இன்னொரு தொல்லை இருக்கிறது. வேலைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு, கடைசி நாளில் தமிழாக்க வரும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிந்த தலைப்பு தமிழில் ஒன்றரை வரிக்கு நீளும். இடம் போதாது என்று எழுத்தைச் சுருக்குவார்கள். கண்ணாடி இல்லாத பெரியவர் அதை எப்படிப் படிப்பார்? தமிழை முதலில் வைத்து வடிவமை, ஆங்கிலம் பின்னால் வரட்டும். யூனிகோடில் வந்த மேட்டரைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஒருமுறை உரக்கப் படித்துப் பார். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும் ஐயாயிரம் தாளை நான் எடைக்குப் போட்டிருக்கிறேன். தப்பு அச்சகத்துடையது இல்லை. ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான். உதவி எண் இருந்தால், அது குழந்தைகளுக்கான 1098 ஆகவே இருந்தாலும், ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்.

இனி காசு. 'தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகச் செய்வோம்' என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடு. இலவச வேலை இரண்டு பக்கமும் கடைசி வரிசைக்குப் போய்விடும். அதோடு, சம்பளம் இல்லாமல் உழைக்க வீட்டில் வசதி வேண்டும். சமத்துவம் பேசும் ஸ்டூடியோவில் வசதி உள்ளவர் மட்டுமே வேலை பார்க்க முடியும் என்றால் அது என்ன சமத்துவம்? பில்லில் முழுத்தொகையைப் போடு, அடுத்த வரியில் நீ கொடுக்கும் தள்ளுபடியைப் போடு. வேலையின் மதிப்பு அவர்களுக்கும் தெரியட்டும், உனக்கும் மறக்காமல் இருக்கட்டும். பாதிப் பணம் முன்பணம். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள். அத்தகைய நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் அந்த வரியை அச்சடித்து வை. உன்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு முதல் மாதத்திலிருந்தே சம்பளம் கொடு.

ஜவுளிக்கடை வேலை, கல்யாணப் பத்திரிகை வேலை வந்தால் முகம் சுளிக்காதே. லண்டனில் 1964-இல், விளம்பரத்துக்கே திறமையை எல்லாம் கொட்டுகிறோமே என்று ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர். அவரோடு சேர்த்து 22 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்குச் சுவரொட்டி செய்த அதே கார்லண்ட், கால்ட் என்ற பொம்மைக் கம்பெனிக்கும் பல ஆண்டுகள் வேலை செய்தார். விளம்பரத்தையே ஒழிக்கச் சொல்லவில்லை அவர். எதற்கு முதலிடம் என்பதைத்தான் மாற்றச் சொன்னார். குழந்தைகள் விளையாடும் பொம்மைக்குப் பெட்டி செய்து வாடகை கட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

மறுக்க வேண்டிய வேலையும் வரும். ஆண்டு முழுக்கக் கழிவை ஆற்றில் விட்டுவிட்டு சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதிக்கு மட்டும் பச்சை நிறத்தில் போஸ்டர் கேட்கும் ஆலை ஒன்று என்னிடமும் வந்தது. மறுத்தேன், அந்த மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினேன். ஆறு மாத வாடகையை வங்கியில் போட்டு வைத்திருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்லும் தைரியத்தில் பாதி சேமிப்பிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக, உன் வயதுக்காரர்கள் அதிகம் பார்த்திராத ஒரு குறியைச் சொல்கிறேன். தலைகீழான சிவப்பு முக்கோணம். 1960-களின் கடைசியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உருவானது. தீப் தியாகி என்ற அதிகாரி முன்னின்று பரப்பியது. எழுத்தறியாதவரும் ஒரு பார்வையில் அடையாளம் காணக்கூடிய குறி. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகத்தோடு ஊர் ஊராகச் சுவரேறியது. வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976–77-இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பல இடங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். அடுத்து வந்த ஆட்சி 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரையே விட்டுவிட்டு 'குடும்ப நலம்' என்று மாற்ற வேண்டியிருந்தது. முக்கோணத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை; அதற்குப் பின்னால் நின்ற நடத்தை மாறியது. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன், இந்தப் படத்தை நம்பி வருகிறவருக்கு அங்கே என்ன நடக்கும் என்று விசாரி. முடிந்தால் நேரில் போய்ப் பார்.

உன் முதல் வேலை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போ. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து பேரிடம் காட்டு. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. டிசைனை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்