மடை மாற்றினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்

தேவதானப்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன லீவுக்கு வந்திருந்தபோது மஞ்சளாறு அணைக்கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மலைக்கு மேலே ஒரு விமானம் போட்டுப்போன வெள்ளைக் கோட்டை இன்னொரு விமானம் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. "இது ரெண்டும் முட்டிக்காதா மாமா?" என்று கேட்டாய். "முட்டாதுப்பா, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ" என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். அது பாதிப் பதில்தான். மீதியைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மேலே கீழே என்றால் எவ்வளவு? பொதுவாக 1,000 அடி. ஒரே உயரத்தில் பறந்தால், ரேடார் உள்ள வழித்தடங்களில் 5 கடல் மைல் இடைவெளி விடுவது வழக்கம். அது 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊருக்கும் பெரியகுளத்துக்கும் நேர்கோட்டில் உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. பெரிய தூரம்தானே என்று நினைப்பாய். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்த இடைவெளியை 20 விநாடியில் தின்றுவிடும். நீ ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்கும் நேரம். அந்த வேகத்தில் விமானி கண்ணால் பார்த்து விலகுவான் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவேதான் தரையில் உட்கார்ந்து ரேடார் திரையைப் பார்த்து, யார் எந்த உயரத்தில் போக வேண்டும், யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார். கன்ட்ரோலர் என்று அவரைச் சொல்வார்கள். நம் தலைக்கு மேல் போகும் விமானங்கள் சென்னை வான் பகுதிக்குள் வருகின்றன.

கன்ட்ரோலர் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "15,000 அடிக்கு இறங்கு" என்றால், "15,000 அடிக்கு இறங்குகிறேன்" என்று பதில் வர வேண்டும். வெறும் "சரி" போதாது. இதை நான் முதன்முதலில் படித்தபோது உன் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். அணையிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், நடுராத்திரியில் நம் வயல் நனைந்து முடிந்ததும் மடையை மாற்றிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து படுக்க மாட்டார். சேற்றுக் காலோடு, கையில் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக அடுத்த முறைக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போய், "மடையை மாத்திட்டேன், தண்ணி உன் வாய்க்காலுக்கு வருது" என்பார். தூக்கத்தில் அவர் "ம்" என்றால் விடமாட்டார். எழுந்து உட்கார்ந்து, "என் வாய்க்காலுக்கு மாத்திட்ட, நான் போறேன்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் திரும்புவார். சின்ன வயதில் எனக்கு இது வேண்டாத வேலையாகத் தெரிந்தது.

2022 ஜனவரி 7ஆம் தேதி காலை, பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் இந்த ஒரு வேலைதான் நடக்காமல் போனது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள், வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று. அன்று காலை வடக்கிலிருந்து விமானங்கள் புறப்பட்டன, தெற்கில் இறங்கின. இரண்டையும் தனித்தனி கன்ட்ரோலர்கள் கவனித்தார்கள். நடுவில், ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் வடக்கை மட்டும் பயன்படுத்தலாம் என்று ஷிப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்தார். தெற்கு ஓடுபாதை மூடப்பட்டது. ஆனால் அந்தத் தகவல் தெற்கைக் கவனித்தவரிடம் போய்ச் சேரவில்லை.

வடக்கிலிருந்து புவனேஸ்வர் போகும் இண்டிகோ விமானத்துக்கு ஒருவர் அனுமதி கொடுத்தார். தெற்கிலிருந்து கொல்கத்தா போகும் இண்டிகோ விமானத்துக்கு இன்னொருவர் அனுமதி கொடுத்தார். ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே திசையில் இரண்டும் எழும்பின. எழும்பியதும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கின. இரண்டிலும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அப்ரோச் ரேடாரில் இருந்த மூன்றாவது கன்ட்ரோலர் திரையில் அதைப் பார்த்துவிட்டார். உடனே இரண்டையும் வெவ்வேறு பக்கம் திரும்பச் சொன்னார். விலகின. உள்ளே இருந்த பயணிகளுக்கு அது ஒரு சாதாரணத் திருப்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

இதில் என்னை அதிகம் வருத்தியது அந்தத் தவறு அல்ல. மனிதன் மறப்பான், கவனம் சிதறும். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை வருத்தியது. இந்தச் சம்பவம் அன்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அதிகாரிகள் தெரிவித்தார்கள். நாட்கள் கழித்துத்தான் செய்தி வெளியே வந்தது. விசாரணை நடந்தது, உரிமத்தை நிறுத்திவைக்கும் நடவடிக்கையும் வந்தது. தண்டனை வரட்டும், அது வேறு. எழுதாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுதியிருந்தால் மறுநாளே வேறு ஊர் டவரில் ஒருவர் படித்து, "நம்மிடமும் இப்படி ஓர் ஓட்டை இருக்கிறதா?" என்று பார்த்திருப்பார்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட ஓட்டைகளுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் உலகிலேயே மிகப் பெரியது அது. அங்கே கன்ட்ரோலர் சரியாகத்தான் சொன்னார். இறங்கி வந்த கசகஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த 15,000 அடியில் நிற்காமல் கீழே போனது. எதிரே வந்த சவூதி விமானம் இருந்தது 14,000 அடியில். அன்றைய டெல்லி ரேடாருக்கு ஒரு விமானத்தின் உயரத்தைக் காட்டத் தெரியாது. விமானி சொன்னால்தான் உண்டு. அதற்குப் பிறகுதான் ஒரு விமானம் இன்னொன்றைத் தானே கண்டுபிடித்து எச்சரிக்கும் டீகாஸ் கருவி இந்தியாவில் கட்டாயமானது.

அந்தக் கருவி இருந்தும் மோதியது 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே. அந்த வானைக் கவனித்த சூரிச் நிலையத்தில் ஒரே ஒரு கன்ட்ரோலர் தனியாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் இருக்க வேண்டியவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பராமரிப்பு வேலைக்காக எச்சரிக்கை வசதியும் தொலைபேசியும் சரியாக இயங்கவில்லை. ஆபத்தைக் கடைசி நேரத்தில் பார்த்த அவர், ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். கருவி அதை ஏறச் சொன்னது. எதிரே வந்த சரக்கு விமானத்தைக் கருவி இறங்கச் சொல்லியிருந்தது. ரஷ்ய விமானிகள் மனிதனைக் கேட்டார்கள், மற்றவர்கள் கருவியைக் கேட்டார்கள். இரண்டும் இறங்கின. இறந்த 71 பேரில் பலர் பள்ளிப் பிள்ளைகள். கருவி சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்பது அதன்பிறகு உலகம் முழுவதும் அழுத்தமாக எழுதப்பட்டது.

2004இல் அந்தக் கன்ட்ரோலரை, குடும்பத்தையே பறிகொடுத்த ஒரு தகப்பன் கொன்றுவிட்டான். 2007இல் சுவிஸ் நீதிமன்றம் அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் நான்கு மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது. ராத்திரியில் ஒற்றை ஆளை உட்கார வைத்தது யார் என்ற கேள்வி அங்கேதான் சரியாகக் கேட்கப்பட்டது என்பது என் எண்ணம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 ஜூன் மாதம், லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானத்தை, துருக்கி வானில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. அந்த உயரத்தில் பக்கத்திலேயே வேறொரு விமானம் இருப்பதைக் கவனித்த விமானிகள் ஏற மறுத்துவிட்டார்கள். சொன்னதைக் கேட்பதுதான் அவர்கள் பழக்கம். அன்று கேட்காததால் எல்லோரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கன்ட்ரோலர் வேலைக்கே போகலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். போகலாம். இந்திய விமான நிலைய ஆணையம் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணக்கும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் எழுதலாம், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். பயிற்சிக் கல்லூரி பிரயாக்ராஜில் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேசப் பழகு. தாத்ரி விபத்தில் மொழி புரியாததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அந்த நாற்காலியில் என்றைக்காவது உட்கார்ந்தால், எழுந்து போகும்போது அடுத்து உட்காருபவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை நின்றுவிட்டுப் போ. உன் தாத்தா அப்படித்தான் நிற்பார்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்