வரியும் குடிபெயர்தலும்

செல்வர்மீது அரசு வரியை உயர்த்துமாயின், அன்னார் தம் பொருளோடு வேற்றிடம் புகுவர். அவர் விட்ட சுமை எளியவர் தலைமேல் விழும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கூற்று. வரியுயர்த்த எண்ணும் அமைச்சரைத் தடுத்து நிறுத்துவதும் பெரும்பாலும் இவ்வச்சமே. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொருள் வேண்டியிருக்க, இதனை ஆராயாது நம்புதல் தகாது. ஆதலின், இஃது எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளே ஏற்ற களம். அங்கே ஐம்பது மாநிலங்கள் உள, நாணயம் ஒன்று, ஆயினும் வருமானவரியை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விதிக்கும், விதியாதும் விடும். ஒன்றைவிட்டு மற்றொன்றில் குடியேறுவாரைத் தடுப்பாரும் இலர்.

நியூ ஜெர்சி மாநிலம் 2004-இல், ஆண்டொன்றிற்கு ஐந்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது நூற்றுக்கு 6.37 ஆக இருந்த வரியை 8.97 ஆக்கிற்று. அதன் தலைநகராகிய டிரெண்டன் டெலவேர் ஆற்றங்கரையில் உள்ளது. பாலத்தைக் கடந்தால் பென்சில்வேனியா மாநிலம். அங்கே செல்வர்க்கும் வறியர்க்கும் மாநில வரி நூற்றுக்கு 3.07 மட்டுமே. அன்றியும், அக்கரையில் குடியிருந்து இக்கரையில் பணிபுரிவோர் தம் ஊதியத்திற்கு அக்கரை வரியையே செலுத்தலாம் என்னும் உடன்படிக்கையும் இரு மாநிலங்கட்கிடையே உண்டு. தொழிலை மாற்ற வேண்டுவதில்லை. வீட்டை மாற்றினாற் போதும். வரிக்கு அஞ்சிச் செல்வர் ஓடுவது மெய்யாயின், அப்பாலம் வண்டிகளால் நிறைந்திருக்க வேண்டுமன்றோ?

அவ்வாறு நிகழவில்லை. கிறிஸ்டோபல் யங், சார்லஸ் வார்னர் என்னும் ஆய்வாளர் இருவர் வரிக்கணக்குகளை ஆராய்ந்து, குடிபெயர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை என 2011-இல் எழுதினர். பின்னர் வேறிருவரோடு கூடி, நாடு முழுவதற்குமான பதின்மூன்று ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் வியப்புடையது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலரும் அதற்கு மேலும் ஈட்டுவாருள், ஓராண்டில் மாநிலம் மாறியவர் நூற்றுக்கு 2.4 பேர், பொதுமக்களுள் 2.9 பேர், பதினாயிரம் டாலர் அளவே ஈட்டும் எளியவருள் 4.5 பேர். ஊர்விட்டு ஊர் அலைபவர் வறியரே என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குக் காரணம் யாது? தமிழில் 'குடி' என்னுஞ் சொல் வீட்டையும், குடும்பத்தையும், ஊரையும் ஒருங்கே குறிக்கும். வீட்டை மாற்றுதல் செல்வர்க்கு எளிது. ஏனைய இரண்டையும் பெயர்த்தல் அரிது. பெரும்பொருள் ஈட்டுவார் பெரும்பாலும் நடுவயதினர்; மணமானவர்; பள்ளி செல்லும் மக்களையும் உடையவர். வழக்கறிஞர்க்கு வழக்கும் வணிகர்க்கு வாடிக்கையும் தாம் பன்னாள் பழகிய ஊரிலேயே உள. பொருள் தந்த வேரே அவரை ஓரிடத்திற் பிணிக்கின்றது.

எனினும், ஒருவரும் பெயரார் எனக் கூறுதலும் பிழையே. வருமானவரி இல்லாத புளோரிடாவிற்குச் செல்வர் சென்றே வருகின்றனர். ஆயின், அதனை நீக்கிப் பார்ப்பின் வரியின் ஈர்ப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகின்றதென அக்கட்டுரையே கூறும்; டெக்சாசும் வருமானவரி இல்லாததே. கதிரவனும் கடற்கரையும் இழுத்ததை வரியின்மேல் ஏற்றிக் கூறுகின்றனரோ என ஐயுறுகின்றோம். ஸ்பெயின் நாட்டில், அயல்நாட்டிலிருந்து புதிதாக வந்தார்க்கு நூற்றுக்கு 24 என்னும் தாழ்ந்த வரியை விதித்த சட்டம் ஒன்று, டேவிட் பெக்காம் என்னும் பந்தாட்டக்காரர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதன்பின் அயல்நாட்டு ஆட்டக்காரர் அங்கே மிக்கனர். காலிற் கலையைக் கொண்டு திரிவார்க்கு எந்நாடும் ஒன்றே போலும்.

கலிபோர்னியாவின் செய்தி வேறு. அம்மாநிலம் 2012-இல் உச்சவரியை நூற்றுக்கு 13.3 ஆக்கியபோது, வழக்கத்தினும் மிகுதியாக வெளியேறியவர் அவ்வரிப்படியினருள் நூற்றுக்கு ஒருவரினும் குறைவே. அரசு எதிர்நோக்கிய வருவாயை அவரினும் மிகக் குறைத்தவர், ஊரிலேயே இருந்துகொண்டு கணக்கில் வருமானத்தைச் சுருக்கிக் காட்டியவரே. ஆதலின், வரி விதிப்பார் காவல் வைக்க வேண்டிய இடம் எல்லையன்று, கணக்கேடே என்பது எம் கருத்து. நியூ ஜெர்சியும் ஓட்டத்திற்கு அஞ்சிப் பின்வாங்கவில்லை. 2020-இல், பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது வரியை நூற்றுக்கு 10.75 ஆக உயர்த்திற்று.