பெயர்களைப் படிக்கும் பாடம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போரை நடத்தும்போது, நாஜிக்கள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்று சொல்கிறோம். மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அந்த எண்ணுக்குள் இருந்த மனிதர்களை எப்படிக் காட்டுவது? அயல்நாட்டுக் கல்விச் சுற்றுலாவில், செக் நாட்டின் தலைநகரான பிராகில் 14 மாணவர்களுடன் ஒரு நாள் முழுவதும் இதற்காகவே நடந்தோம்.

அழிவைப் பார்ப்பதற்கு முன் வாழ்வைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். யூதர்களைக் கொல்லப்பட்டவர்களாக மட்டுமே அறிமுகம் செய்தால், அவர்கள் சாவதற்கென்றே பிறந்தவர்கள் போல மாணவர் மனத்தில் பதிந்துவிடும். அதனால் காலையில் யோசபோவ் என்னும் பழைய யூதர் குடியிருப்புக்குப் போனோம். அங்கே 1270 வாக்கில் கட்டப்பட்ட தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. யூத நகர மன்றக் கட்டடத்தில் எபிரேய எழுத்துகள் கொண்ட ஒரு கடிகாரம் இருக்கிறது. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. அந்தக் கடிகாரத்தின் முட்களும் எதிர்த்திசையில்தான் சுற்றுகின்றன. மாணவர்கள் அங்கிருந்து நகரவே இல்லை.

பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. புதைக்க வேறு நிலம் கிடைக்காததால் பழைய கல்லறைகளின் மேல் மண்ணைக் கொட்டி, பழைய கற்களையும் மேலே தூக்கி நட்டிருக்கிறார்கள். கற்களின்மேல் கூழாங்கற்கள் இருப்பதை ஒரு மாணவி கவனித்தாள். இறந்தவரை நினைத்து வருவோர் பூவுக்குப் பதில் கல்லை வைப்பது யூதர் வழக்கம் என்றேன்.

அதன்பிறகுதான் பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்தோம். 1535இல் கட்டப்பட்ட இந்தக் கூடத்தில் இன்று வழிபாடு இல்லை. உள்சுவர்கள் முழுவதும் பெயர்கள். பொகீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்களை ஊர்வாரியாக, குடும்பவாரியாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். பெயரோடு பிறந்த நாளும், உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நாளும் உண்டு. 1950களில் எழுதப்பட்ட இந்தப் பெயர்கள், நிலத்தடி நீர்க்கசிவால் 1968இல் கூடம் மூடப்பட்டபின் அழிக்கப்பட்டன. கம்யூனிஸ்ட் ஆட்சி போனபிறகு, 1992 முதல் 1996 வரை அத்தனை பெயரையும் மறுபடி எழுதினார்கள்.

உள்ளே போகும் முன்பு ஒரு மாணவன் கேட்டான்: “ஹிட்லர் கொடுமைக்காரர்தான் சார், ஆனாலும் திறமையான தலைவர்தானே?” இந்தக் கேள்வி நம் வகுப்பறைகளுக்குப் புதிதல்ல. உடனே கண்டித்தால் கேள்வி அடங்கிவிடும், எண்ணம் அப்படியே இருக்கும். எனவே நான் பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு குடும்பத்தைச் சுவரில் தேடிப்பிடித்து, இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள வயதைக் கணக்கிடுங்கள் என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னேன். அவன் எடுத்த குடும்பத்தில் கடைசிப் பெயர் 1938இல் பிறந்த குழந்தையுடையது. கடைசித் தேதி 1942. நோட்டில் ‘4’ என்று எழுதிவிட்டு என்னிடம் வந்தான்.

“இவ்வளவு பேர் பெயரும் தேதியும் எப்படி சார் கிடைத்தது?”

அன்று கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி இதுதான். பெரும்பகுதி, ரயிலில் ஏற்றி அனுப்பியவர்களே ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து எழுதிய பட்டியல்களிலிருந்து கிடைத்தது என்றேன். அதற்கும் முன்பே, 1940இல், யூதப் பிள்ளைகள் செக் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்பதையும் சொன்னேன். “அப்போ அட்டெண்டன்ஸ்லேருந்துதான் முதல்ல பேரை எடுத்தாங்களா?” என்றாள் கூழாங்கற்களைக் கண்ட மாணவி. தினமும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் எனக்கு அது சுருக்கென்றது.

மாடியில் குழந்தைகளின் ஓவியங்கள். பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் தெரேசின் என்ற கோட்டை நகரை நாஜிக்கள் முகாமாக்கி, 1,40,000 பேருக்கும் மேல் அடைத்தார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே மாண்டார்கள். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தெரேசினில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரையவும் பாடவும் மட்டும் அனுமதி. அந்தச் சிறு அனுமதிக்குள் ஓவிய வகுப்பு நடத்தியவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். தாள் கிடைக்காதபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் வரையவைத்தார். ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. எந்தப் படம் யாருடையது என்று இன்று தெரிவது அந்தக் கையெழுத்துகளால்தான்.

ஸ்வஸ்திக் பற்றிய கேள்வியும் வந்தது. நம் வாசலில் போடும் பழஞ்சின்னத்தை 1920இல் நாஜிக் கட்சி தன் கொடிக்கு எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் அதைக் கண்டால் யூதர்களுக்கு எது நினைவுக்கு வரும் என்று அவர்களையே யோசிக்கச் சொன்னேன்.

பயணம் போகாமலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். ஊர் திரும்பியபின் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் எடுத்துக்கொண்டேன். முதல் வேளை யோசபோவ் வரைபடமும் கடிகாரமும் கல்லறைத் தோட்டமும். அடுத்த வேளை பெயர்ச்சுவரும் ஓவியங்களும். பிணக்குவியல் படங்களைக் காட்டவில்லை. மாணவர்களைக் கைதிகளாக நடிக்கவைப்பதையும் தவிர்த்தேன். அதிர்ச்சி கொஞ்ச நேரம்தான் நிற்கும், நடிப்பு விளையாட்டாகிவிடும். பிராகுக்கு வந்திருந்த 14 பேரும் தாங்கள் தேடிய குடும்பத்தைப் பற்றி மற்றவர்களிடம் பேசினார்கள். தலைவர் திறமையைப் பற்றிக் கேட்டவன் தன் முறை வந்ததும் நோட்டைத் திறந்து, அந்தக் குடும்பத்தின் ஐந்து பெயர்களையும் வயதோடு வாசித்துவிட்டு உட்கார்ந்தான்.