சின்ன பொம்மைக்கு வர்ணம் தீட்டப் போறீங்களா? ப்ரஷ் வாய்க்குப் போகக் கூடாது!

பரணையிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கியதும் முதலில் கண்ணில் படுவது யார்? மூக்கு உதிர்ந்த செட்டியார், சேலைக்கரை அழிந்த செட்டியாரம்மா, பாதி மீசையோடு ஒரு போலீஸ்காரர்! 'புதுசு வாங்குவானேன், நாமே வர்ணம் அடிச்சா என்ன?' என்று தோன்றும். தாராளமாக அடிக்கலாம். மனசு ஒரே இடத்தில் நிற்கும். டி.வி.யிலிருந்து ஒரு மணி நேரம் விடுதலை. ஆனால் எடுத்தவுடனே பாட்டி காலத்துப் பொம்மையில் கை வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

சேலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை. அம்மா சீதனமாகக் கொடுத்த செட்டியார் ஜோடிக்கு வயது அறுபதுக்கு மேல். பழைய பெயிண்ட் போனால்தானே புதுசு பிடிக்கும் என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. பக்கத்தில் ஒன்றரை வயசுப் பேரன். அவன் உள்ளங்கையில் மஞ்சள், உதட்டிலும் மஞ்சள்! மருமகள் ஓடி வந்து தூக்கினாள். "அத்தை, பழைய பெயிண்ட் அத்தை... இதுல ஈயம் இருக்குமே!" என்றாள். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

குழந்தை டாக்டரிடம் போனோம். "பொம்மை எத்தனை வருஷத்துப் பழசும்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்க எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வரும்வரை மூணு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நல்ல வேளை, பயப்படும்படி இல்லை. 'இனிமே அந்தத் தூள் வீட்டுக்குள்ள வரவே கூடாது' என்று எச்சரித்து அனுப்பினார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துப் பளிச் மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் பலவற்றில் லெட் குரோமேட் என்ற ஈயக் கலவை சேர்ந்திருக்கும். சிவப்பில் ஈயச் செந்தூரம், வெள்ளையில் ஈய வெள்ளை. நம் நாட்டில் வீட்டு உபயோக பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பொம்மை என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஈயத்தில் 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை' என்று ஓர் அளவே கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். போய்த் தாக்குவது மூளை வளர்ச்சியை. வெளியே ஒன்றும் தெரியாது. கவனம் சிதறும், படிப்பு மந்தமாகும். கர்ப்பிணிகளும் அந்தத் தூள் பக்கமே போகக் கூடாது.

அதனால் பழைய பொம்மையைச் சுரண்டவே வேண்டாம். வர்ணம் உறுதியாக இருந்தால், பிழிந்த ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு மேலேயே புது வர்ணம் பூசலாம். உதிர்கிற பொம்மையா? கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஏற்கெனவே உதிர்ந்து கிடந்தால் விளக்குமாறு போடக் கூடாது, தூள் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கவரில் கட்டி எறிந்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ப்ரஷ் நுனி பிரிந்துவிட்டால் நாக்கில் தொட்டுக் கூராக்குவது. கோலப் பொடியைத் தவிர வேறு எதையும் கையாண்டிராதவர்களுக்குக்கூட இது தானாக வந்துவிடும்! அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் 1917 முதல் ஒரு தொழிற்சாலையில் இளம்பெண்கள் கடிகார எண்களுக்கு இருட்டில் ஒளிரும் ரேடியம் வர்ணம் தீட்டினார்கள். உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கச் சொல்லித்தான் பழக்கினார்கள். பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, பலர் இறந்தே போனார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட, 1928-ல்தான் நஷ்ட ஈடு கிடைத்தது. நம் டப்பாவில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் வர்ணம் சாப்பிடும் பொருள் இல்லையே! ஈரப் பஞ்சிலோ, மடித்த துணியிலோ ப்ரஷ்ஷை உருட்டி இழுத்தாலே நுனி சேர்ந்துவிடும். வர்ணத் தண்ணீருக்குச் சமையலறை டம்ளரும் வேண்டாம். காபி டம்ளருக்குள் ப்ரஷ்ஷை விட்ட அனுபவம் எனக்கு ரெண்டு தடவை!

சரி, எதில் பழகுவது? நாமக்கல்காரர்களுக்குக் கவலையே இல்லை. தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிற ஊராச்சே! முட்டை ஓட்டின் வளைவு, பொம்மைக் கன்னத்தின் வளைவு மாதிரியேதான். ரெண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, ஊசி இல்லாத புது சிரிஞ்சால் காற்றைத் தள்ளினால் உள்ளே இருப்பது கிண்ணத்துக்கு வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், ஓட்டின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஓட்டை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உள்ளே இருந்ததை உடனே நன்றாக வேகவைத்து ஆம்லெட்! முட்டை சேர்க்காத வீடு என்றால் கார்த்திகை அகல் விளக்கு இருக்கிறது. பத்து ஓட்டில் பத்து முகம் போட்டபிறகு, வர்ணம் பூசாத மண் பொம்மை ஒன்று வாங்குங்கள். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சேறாகக் கரைந்தால் அது சுடாத மண், கழுவவே கூடாது. காகிதக்கூழ் பொம்மைக்கும் அதே கதிதான்.

வர்ணம் அக்ரிலிக் போதும், தண்ணீரிலேயே கரையும். எனாமலும் டர்பன்டைனும் மூடின அறையில் தலைவலி கொடுக்கும். அடுப்புப் பக்கம் ஆபத்து. டியூபில் நச்சுத்தன்மை இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ப்ரஷ் மூணு போதும்: 6, 3, 1. ஆரம்பக்காரர்கள் எல்லாரும் மூணு சைபர் ப்ரஷ்தான் வேணும் என்பார்கள். வேண்டாம். அதில் வர்ணம் நிற்காது, பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கிற ஒண்ணாம் நம்பரே கண்ணுக்கும் போதும்.

முதலில் மெலிசாக வெள்ளைப் பூச்சு. காய்ந்தபின் உடம்பு நிறம், அப்புறம் துணி, அப்புறம் நகை. வர்ணம் பால் பதத்தில் இருக்கட்டும். தோசை மாவு பதத்தில் ஒரே பூச்சாக அடித்தால் மூக்கு, உதடு எல்லாம் மூழ்கிவிடும்! மெலிசாக ரெண்டு தடவை. சேலை மடிப்புக்குள் அதே நிறத்தைக் கொஞ்சம் கருப்பாக்கித் தண்ணியாக ஓடவிடுங்கள். மடிப்பின் மேட்டில் கொஞ்சம் வெளுப்பாக்கித் தடவுங்கள். அவ்வளவுதான், பொம்மை எழுந்து உட்காரும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தட்டில் வைத்த வர்ணம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஈரத்துணி மடித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து வர்ணத்தை வைத்தால் மணிக்கணக்கில் தாங்கும்.

கண் கடைசியில். சிற்பிகளும் கண் திறப்பதைக் கடைசியில்தான் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பொம்மை விற்ற குயவரும், "அவசரப்படாதீங்க அம்மணி, கண்ணு தப்பினா முகமே தப்பிடும்" என்றார். வெள்ளையில் பாதாம் பருப்பு மாதிரி ஒரு வடிவம், மேலே கருப்புக் கோடு. கருவிழி அந்த மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கணும். நட்ட நடுவில் வைத்தால் செட்டியார் திருடனைக் கண்டவர் மாதிரி முழிப்பார். தப்பினால் உடனே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்துவிட்டால் வெள்ளை பூசி மறுபடி.

கை நடுங்குகிறதா? பலருக்கும் இருப்பதுதான். பொம்மையை மருந்து பாட்டில் மூடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ரெண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, ரெண்டு சுண்டு விரலையும் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்தால் நடுக்கம் பாதி அடங்கும். ஆனால் சும்மா மடியில் வைத்திருக்கும்போதே கை நடுங்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாமல் முயற்சி பண்ணித் தலைவலியை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். தலை குனிவதற்குப் பதில் பொம்மை உயரட்டும். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல் கையை வையுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒருதரம் ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பாருங்கள். பளபளப்புக்கு வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பதானால் மொட்டை மாடியில், மாஸ்க்கோடு. ஆஸ்துமா உள்ளவர்கள் ப்ரஷ்ஷால் தடவுகிற வார்னிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் செட்டியார் ஜோடி இப்போது கண்ணாடி பீரோவின் மேல் தட்டில், உதிர்ந்த மூக்கோடு அப்படியே இருக்கிறது. கொலுவுக்கு அதன் இடத்தில் நான் வர்ணம் தீட்டிய புது ஜோடி. பேரனுக்கு இப்போ மூணு வயசு, அவன் கைக்குப் பாலிஷ் போடாத மரப்பாச்சி. கொலுவில் என் புதுச் செட்டியாரைப் பார்த்துவிட்டு, "பாட்டி, தாத்தா ஏன் கோவமா இருக்கார்?" என்றான். இடது புருவம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. அடுத்த நவராத்திரிக்குள் சரி பண்ணிவிடுவேன்.