விதையும் ஜலமும்: கிராமச் சிறுவர்களுக்குச் சில கைச் சோதனைகள்

கிராமத்துச் சிறுவர்களுக்குச் சாஸ்திர அறிவு புகட்ட வேண்டுமாயின் அதற்குக் கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றியமையாதன என்று எண்ணுவோர் பலர். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளைப் பொறுத்த மட்டில் இவ்வெண்ணம் பொருந்தாது. ஒரு பழைய துணி, இரண்டு மூன்று கண்ணாடிப் புட்டிகள், ஒரு கோழிமுட்டை, கொஞ்சம் உப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை இருப்பின் போதும். இவற்றைக் கொண்டு செய்யக்கூடிய சோதனைகளுள், சங்கத்து அங்கத்தினர்களுக்கும் நேரே பயன் தரக்கூடிய சிலவற்றை மட்டும் இவ்வியாசத்தில் விவரிப்போம்.

கடன் கொடுத்து வாங்கும் சங்கத்துக்கும் குழந்தைகளின் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்தில் நெசவாளர் முதலிய சில எளிய தொழிலாளர் ஒன்றுகூடித் தொடங்கிய கூட்டுறவுக் கடையே உலகத்துக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியாயிற்று. அவர்கள் பிற்காலத்தில் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினரின் கல்விக்கென்றே ஒதுக்கிவைத்தார்கள். நம் தேசத்தில் 1937-ஆம் வருஷம் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டபோதும், கையால் செய்து கற்பதையே அதன் அடிப்படையாகக் கொண்டார். ஆகையால் நமது யோசனை புதியதொன்றன்று.

சோதனை நடத்துவோர் ஒரு விதியை மாத்திரம் கண்டிப்பாய் அனுசரிக்க வேண்டும். சோதனை தொடங்குமுன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டு, அதன் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதத் தெரியாத குழந்தைக்காக மூத்த குழந்தை எழுதலாம். விடை தவறாயிருப்பின் நகைக்கலாகாது. பெரியவர் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிடுவாரேயானால், அது சோதனையாகாமல் வெறும் வேடிக்கையாகவே முடியும்.

விதை முளைக்கும் திறன்

விதைப்புக் காலத்தில் நெல்லையோ உளுந்தையோ விலைகொடுத்து வாங்கி நாற்றங்காலில் விட்டபின், பாதி முளைக்காமற் போனால் குடியானவனுக்கு ஏற்படும் நஷ்டம் விதையின் விலை மட்டுமன்று, பருவமே தவறிப்போகிறது. கடன் வாங்கிய அங்கத்தினனுக்குத் தவணையும் தவறுகிறது. இதனை முன்கூட்டியே அறியும் வழி ஒரு சிறு குழந்தையாலும் செய்யத்தக்கது.

மூட்டையின் மேற்புறத்திலிருந்து மட்டும் விதை எடுத்தல் கூடாது. மேல், நடு, அடி மூன்றிடத்திலும் கையை விட்டு எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து நூறு மணிகளை எண்ணச் சொல்ல வேண்டும். இங்கே குழந்தைகளின் இயல்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தங்களை அறியாமலே பருத்த, அழகிய மணிகளாகப் பொறுக்குவார்கள். "கண்ணை மூடிக்கொண்டு எடு" என்று சொன்னால் அத்தவறு நீங்கும். பொறுக்கியெடுத்த நூறுக்கும், கண்மூடி எடுத்த நூறுக்கும் தனித்தனியே முளைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கச் செய்தால், மாதிரி எடுப்பது எப்படி என்னும் பாடம் வேறு விளக்கமின்றியே விளங்கிவிடும்.

நெல்லாயின் ஓர் இரவு ஊறவைத்து, நனைத்துப் பிழிந்த துணியின்மேல் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை பரப்பி, துணியைச் சுருட்டித் தளர்த்திக் கட்டி நிழலில் வைக்க வேண்டும். காலை மாலை ஜலம் தெளித்துத் துணியை ஈரமாக வைத்திருப்பது ஒரு குழந்தையின் முறை. துணி காய்ந்தாலும் விதை கெடும். ஜலம் தேங்கினாலும் அழுகும். உளுந்துக்கு ஏழாம் நாளிலும் நெல்லுக்குப் பதினான்காம் நாளிலும் கடைசி எண்ணிக்கை எடுப்பது சோதனைச்சாலைகளின் வழக்கம்; எனினும் நெல்லின் நிலைமை ஐந்து நாட்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். வேரும் குருத்தும் ஒழுங்காக விட்டவற்றை மட்டும் எண்ண வேண்டும். பூசணம் பிடித்தது, வேர் விடாதது, வளைந்து குறைப்பட்டது எல்லாம் கணக்கில் சேரா.

சான்றளிக்கப்பட்ட விதைக்கு இந்தியாவில் விதித்துள்ள குறைந்தபட்ச முளைப்பு, நெல்லுக்கு நூற்றுக்கு 80, உளுந்துக்கும் பயறுக்கும் 75, நிலக்கடலைக்கு 70. இவ்வெண்களைச் சங்கக் கட்டிடத்தின் சுவரில் எழுதிவைப்பது நலம். பின்பு குழந்தைகளுக்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். குறுகிய கால நெல்லை நடவு செய்ய ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ விதை வேண்டும். நூற்றுக்கு 80 முளைக்கும் விதைக்குப் பதிலாக 60 மட்டுமே முளைக்கும் விதை கிடைத்தால், அதே அளவு நாற்றுக்கு எவ்வளவு விதை வேண்டும்? விடை 32 கிலோ. எட்டுக் கிலோ வீண் என்பதைத் தகப்பனார் அறிவதற்கு முன் மகள் அறிவாள். ஆயினும், முளைப்புக் குறைந்த விதையில் முளைத்தவையும் வலிவற்றிருப்பது உண்டாதலால், அளவைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கலாகாது.

இரண்டு எச்சரிக்கைகள் உள. புதிதாக அறுத்த நெல்லில் சில ரகங்கள் சில வாரங்கள் வரை உறக்கநிலையிலிருந்து முளைக்க மறுக்கும். அதைக் கெட்ட விதை என்று தள்ளிவிடாமல் சில வாரம் பொறுத்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இரண்டாவது, முக்கியமானது: கடையில் வாங்கும் விதையில் சிவப்பு, நீலம் முதலிய சாயத்தோடு பூசண மருந்து பூசியிருப்பதுண்டு. அத்தகைய விதையை எக்காரணத்தாலும் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. அதைப் பெரியவர்களே கையுறையிட்டுச் சோதித்து, மிச்சத்தைக் கோழிக்கும் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

முட்டையும் உப்பும்

ஒரு பாத்திரத்து ஜலத்தில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது அடியில் தங்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வந்தால் முட்டை மெல்ல எழும்பி மிதக்கும். குழந்தைகளுக்கு இதைவிட ஆச்சரியமான காட்சி வேறில்லை. பத்து லிட்டர் ஜலத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ உப்புச் சேரும்போது, முட்டையின் மேற்பாகம் ஒரு சிறு நாணயத்தின் அளவு வெளியே தெரியும். அந்த ஜலத்தில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறான மணிகளும் மிதக்கும். கனத்த மணிகள் மூழ்கும். மூழ்கியவற்றை எடுத்து, உப்புப் போக இரண்டு மூன்று முறை நல்ல ஜலத்தில் உடனே கழுவிவிட வேண்டும். கழுவத் தாமதித்தால் முளைப்புக் கெடும். உப்பு ஜலத்தை வயலிலும் கிணற்றருகிலும் கொட்டலாகாது.

இவ்வளவோடு நிறுத்திவிடுவது பெரும்பாலோர் வழக்கம். கனத்த விதை நல்ல விதை என்று நாம் சொல்ல, குழந்தை நம்பினால் அது நம்பிக்கையே தவிர சாஸ்திரமன்று. மிதந்தவற்றில் நூறும் மூழ்கியவற்றில் நூறும் எடுத்து இரண்டையும் நன்கு கழுவி, மேற்சொன்னபடி தனித்தனித் துணியில் சுருட்டிவைத்து எண்ணச் சொல்ல வேண்டும். இரண்டு துணிக்கும் ஒரே ஜலம், ஒரே நிழல், ஒரே நேரம். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை ஒன்றுபோல் வைத்திருப்பதே எல்லாச் சோதனைகளுக்கும் உயிர் என்பதை இங்கே எடுத்துக்காட்டலாம்.

புட்டியில் கொசு

கொசு அழுக்கிலிருந்தும் குப்பையிலிருந்தும் தானே தோன்றுகிறது என்னும் எண்ணம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இத்தாலி தேசத்து பிரான்செஸ்கோ ரெடி என்பார் 1668-ஆம் வருஷத்தில், இறைச்சியைத் திறந்த பாத்திரங்களிலும் மூடிய பாத்திரங்களிலும் வைத்து, ஈ வந்து முட்டையிட இயலாத இடத்தில் புழு உண்டாவதில்லை என்று காட்டினார். நம் குழந்தைகள் இறைச்சிக்குப் பதிலாக ஜலத்தைக் கொண்டு அதே சோதனையைச் செய்யலாம்.

மூன்று கண்ணாடிப் புட்டிகளில் முக்கால் பாகம் ஜலம் நிரப்ப வேண்டும். முதற் புட்டியிலும் மூன்றாம் புட்டியிலும் தொட்டியிலோ உடைந்த சட்டியிலோ நெளியும் கொசுப் புழுக்களைப் பத்துப் பத்தாக விட வேண்டும். இரண்டாம் புட்டியில் வடிகட்டிய ஜலம் மட்டும். மூன்றின் வாயையும் மெல்லிய துணியால் இடைவெளியின்றிக் கட்ட வேண்டும். புழுக்கள் அடிக்கடி மேலே வந்து, வாலின் நுனியிலுள்ள குழாயை ஜலத்தின் மேற்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்குவதைக் குழந்தைகளே கண்டு சொல்வார்கள். ஏன் அப்படித் தொங்குகிறது என்று கேட்டுவிட்டு, மூன்றாம் புட்டியில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட வேண்டும். எண்ணெய் ஜலத்தின்மேல் படலமாகப் பரவுவதால் காற்றுக் கிடையாமல் அப்புழுக்கள் மடியும். மலேரியாக் காய்ச்சலைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழு மட்டும் இவ்வாறு தொங்காமல் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் ஊராருக்குச் சொல்லத்தக்க செய்தி அது. ரொனால்ட் ராஸ் என்னும் வைத்தியர் அவ்வகைக் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தது நம் தேசத்திலேயே, செகந்திராபாத்தில், 1897-ஆம் வருஷத்தில்.

முதற் புட்டியில் புழு வளர்ந்து, காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழுவாகி, இரண்டொரு நாளில் கொசுவாய்ப் பறந்து துணியின் அடியில் உட்காரும். இரண்டாம் புட்டியில் ஒன்றும் தோன்றாது. கோடையில் முட்டை முதல் கொசு வரை ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள்தான். இக்கணக்கைக் குழந்தைகள் தங்கள் கண்ணால் கண்டபின், வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்து உலர்த்த வேண்டும் என்று சுகாதார உத்தியோகஸ்தர்கள் சொல்வதன் காரணம் தானே விளங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஜலமின்றியே பல மாதங்கள் உயிருடனிருக்கக் கூடியவை. ஆதலால் ஜலத்தைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவவும் வேண்டும். குடிஜலப் பாத்திரத்தில் எண்ணெய் விட வேண்டாம். இறுக மூடினால் போதும். சோதனை முடிந்ததும் துணியை அவிழ்க்குமுன் புட்டியை வெந்நீரில் அமிழ்த்திவிட வேண்டும், இவ்வேலை பெரியவர்களுடையது. வளர்த்த கொசுவை ஊருக்குள் விடுவது தர்மமாகாது.

தெளிந்த ஜலம்

கலங்கிய ஜலத்தை இரண்டு மண்சட்டிகளில் ஊற்றி, ஒன்றின் உட்புறத்தில் மட்டும் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டால், அது மற்றதைவிட விரைவில் தெளியும். நம் முன்னோர் கண்ட நல்ல முறை இது. கொட்டை தெரிந்தவரிடம் வாங்கியதாயிருக்க வேண்டும். அவ்வினத்தைச் சேர்ந்த எட்டிக் கொட்டை கொடிய விஷம். ஆனால் இச்சோதனையால் ஒரு தீங்கான முடிவுக்குக் குழந்தைகள் வந்துவிடக்கூடும்: தெளிந்த ஜலமெல்லாம் நல்ல ஜலம் என்பது. அதை உடனே தடுக்க வேண்டும். கொதித்து ஆறிய ஜலத்தை இரண்டு தம்ளர்களில் எடுத்து, ஒன்றில் குழந்தைகள் பாராதபோது ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, எது எதுவென்று பார்வையால் சொல்லச் சொல்லுக. முடியாது. சுவைத்தபின் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாமல் உப்பு இருப்பதுபோலவே, சுவைக்கும் தெரியாமல் பேதிக் கிருமிகள் இருக்கக்கூடும்; ஆகையால் தெளிந்த ஜலத்தையும் நன்றாய்க் கொதி வரச் செய்து, ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டுக் குடிக்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் பல சோதனைகள் உண்டு. இடம் கருதி ஒன்றே சொல்வோம். ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களைப் படுக்கைவாட்டில் வெட்டி, ஒன்றில் புல்வேரோடு பெயர்த்த மண்ணும் மற்றதில் வெறும் மண்ணும் இட்டு, சற்றுச் சாய்த்துவைத்துப் பூவாளியால் ஒரே அளவு ஜலம் ஊற்றி, வடியும் ஜலத்தை இரு தம்ளர்களில் பிடிக்க வேண்டும். எந்தத் தம்ளரில் வண்டல் அதிகம் என்று பார்த்தபின், வரப்பில் புல்லைச் செதுக்கி வழித்தெடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லப் பெரியோர் தயாராயிருக்க வேண்டும். டப்பாவின் வெட்டிய ஓரத்தை மடித்துத் தட்டிவிடுவது அவசியம்.

சங்கக் கட்டிடத்தின் திண்ணையும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதும் இவற்றுக்குப் போதும். பெண் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க ஆண் குழந்தைகள் மட்டும் செய்வது என்னும் வழக்கம் ஏற்படவிடலாகாது. விதைச் சோதனையின் நோட்டில் தேதி, ரகம், மூட்டையின் சீட்டிலுள்ள எண், முளைத்த எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும். குழந்தைகளின் எண்ணிக்கை சட்டப்படி செல்லும் அத்தாட்சியன்று. சர்க்கார் சோதனைச்சாலைகளில் நூறு நூறாக நானூறு விதைகளை வைத்துப் பார்த்தே முடிவு சொல்வார்கள். ஆனால் நோட்டில் எண் குறைந்து காணப்பட்டால், அம்மூட்டையை விதைக்காமல் நிறுத்தி, சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, மீதி விதையின் ஒரு பகுதியோடு விதை ஆய்வாளரிடம் தெரிவிக்க வேண்டும். 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்குண்டு. விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே சோதனையைத் தொடங்கினால்தான் இதற்கெல்லாம் அவகாசம் கிடைக்கும்.