காட்டுப் பூனைக் குட்டியும் அதன் வரிகளும்

முன்னுரை

“காட்டுப் பூனைக்குச் சிவராத்திரி விரதமா?” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். இரவெல்லாம் விழித்திருப்பதும், இரை கிடைக்காத நாளில் பட்டினி கிடப்பதும் அதற்கு நோன்பு அல்ல, அதன் இயல்பு. இந்தப் பழமொழியை நான் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை ஒன்பது நாட்களில், ஓர் உயிரை இழந்த பிறகுதான் உணர்ந்தேன். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவற்றை முதலில் கூறி, அதன் பின் காட்டுப் பூனையின் தோற்ற வேறுபாடுகளையும், அதைக் கூண்டில் வளர்ப்பதன் தன்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடம்பாக்கத்தில் நடந்தது

எங்கள் ஊர் மாடம்பாக்கம். தேனுபுரீசுவரர் கோயிலும் பெரிய ஏரியும் ஊரின் அடையாளங்கள். ஏரிக்கு அப்பால் ஒரு காலத்தில் வயலாக இருந்து, பின்னர் தரிசாகி, சீமைக் கருவேல் மண்டிக் கிடந்த இடங்கள் இப்போது ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகி வருகின்றன. அப்படி ஒரு மனையில் புதரை வெட்டியபோது, கண் திறந்து சில நாட்களே ஆகியிருந்த ஒரு குட்டி அகப்பட்டது. உடலெங்கும் கரிய வரிகள். தெருப் பிள்ளைகள் அதை “புலிக்குட்டி” என்று கூவிக்கொண்டு என்னிடம் கொண்டு வந்தார்கள்.

நான் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தேன். காட்டுப் பூனைக்கு உடம்பில் வரி இருக்காது, மணல் நிறமாக இருக்கும் என்று பாடநூலில் படித்திருந்தேன். எனவே, “இது வரிப் பூனை, வீட்டுப் பூனை போட்ட குட்டிதான்” என்று அனைவர் முன்னிலையிலும் தீர்ப்புக் கூறினேன். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார்.

“தம்பி, இது காட்டுப் பூனைக் குட்டி. தாய் ராத்திரி வந்து தேடும். எடுத்த எடத்துலயே கொண்டு போய் விட்டுடு.”

“இல்லீங்க பெரியவரே, காட்டுப் பூனைக்கு வரி கிடையாது” என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து, பஞ்சில் பசும்பால் நனைத்துக் கொடுத்தோம். நான்காம் நாள் வயிற்றுப்போக்குத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அது இறந்து கிடந்தது. அதன் பிறகே நூலகத்திற்குச் சென்று, பாடநூலில் இல்லாததைத் தேடிப் படித்தேன்.

வரி மறையும் பூனை

காட்டுப் பூனையை அறிவியலார் ‘பெலிஸ் காவுஸ்’ என்று வழங்குவர். பழந்தமிழில் இதன் பெயர் வெருகு. வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் விதிக்கிறது. புறநானூற்றில் கபிலர் முல்லை அரும்புக்கு இளைய வெருகின் கூரிய பற்களை உவமையாக்குகிறார். ஊரை ஒட்டிய முல்லைப் புதரில் வாழ்ந்த இந்த விலங்கை நம் முன்னோர் எவ்வளவு நெருங்கிக் கண்டிருந்தால் அதன் குட்டியின் பல்லை அரும்போடு ஒப்பிட்டிருப்பார்கள்!

வளர்ந்த காட்டுப் பூனை மணல் நிறமாகவோ, சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். உடலில் தெளிவான புள்ளியோ வரியோ இராது. ஆனால் அதன் குட்டி வரிகளோடும் புள்ளிகளோடும் பிறக்கிறது. வளர வளர அவை மங்கி மறைகின்றன. சிங்கக் குட்டியின் உடலில் புள்ளிகள் உண்டு. அமெரிக்கப் பூமாவின் குட்டியும் புள்ளியோடு பிறந்து பின்னர் ஒரே நிறம் பெறுகிறது. புதருக்குள் அசையாமல் படுத்திருக்கும் குட்டியை, இலை நிழலும் வெயிலும் கலந்த தரையோடு இந்த வரிகள் ஒன்றாக்கி மறைக்கின்றன. நான் பார்த்த வரி, அது வீட்டுப் பூனை என்பதற்குச் சான்று அன்று. அது குட்டி என்பதற்கே சான்று.

வயதால் மட்டுமன்றி வேறு காரணங்களாலும் நிறம் மாறுகிறது. முழுக் கருமை நிறமுள்ள காட்டுப் பூனைகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காணப்பட்டுள்ளன. அன்றியும் காட்டுப் பூனை வீட்டுப் பூனையோடு இணைந்து குட்டி ஈனவும் கூடும். அத்தகைய கலப்பிலிருந்து ‘சாசி’ என்றொரு வளர்ப்பினத்தையே வெளிநாட்டார் உருவாக்கியுள்ளனர். எனவே தோலின் நிறத்தை மட்டும் கண்டு இனத்தைத் துணிவது பிழைக்கு இடமாகும்.

அமெரிக்காவின் பாப்கேட்

இதே பாடத்தை வட அமெரிக்காவின் ‘பாப்கேட்’ என்னும் காட்டுப் பூனையிடமும் கற்கலாம். ‘லின்க்ஸ் ரூபஸ்’ என்னும் இவ்வினம் கனடாவின் தென்பகுதி முதல் மெக்சிகோ வரை பரவியுள்ளது. குட்டை வாலும் செவி நுனியில் மயிர்க் குஞ்சமும் உடையது. இவ்விரு அடையாளங்களும் நம் காட்டுப் பூனைக்கும் ஓரளவு இருப்பதால், முன்னாளில் இதனைச் ‘சதுப்பு லின்க்ஸ்’ என்று ஆங்கிலேயர் அழைத்ததும் உண்டு. ஆயினும் இவை நெருங்கிய உறவினங்கள் அல்ல.

பாப்கேட்டின் தோற்ற வேறுபாடு வியப்பூட்டுவது. ஒன்று சாம்பல் நிறம், மற்றொன்று செம்பழுப்பு. ஒன்றில் புள்ளிகள் உடலெங்கும் தெளிவாக இருக்கும். மற்றொன்றில் வயிற்றுப் பக்கத்திலும் கால்களிலும் மட்டும் இருக்கும். குளிர்கால மயிரில் சாம்பல் நிறம் மிகும். புளோரிடாவில் கரிய பாப்கேட்டுகளும் பிடிபட்டுள்ளன. இவற்றைக் கூண்டில் வைத்து வளர்ப்போர் அந்நாட்டில் இருக்கிறார்கள். தோல் எவ்வளவு வேறுபட்டாலும் சில அடையாளங்கள் பொதுவாக நிலைத்திருக்கின்றன: செவியின் பின்புறத்துக் கருமைக்கு நடுவே ஒரு வெண்புள்ளி, முன்னங்காலில் கரும்பட்டைகள், மேற்புறம் கறுத்தும் அடிப்புறம் வெளுத்தும் இருக்கும் வால் நுனி.

நம் காட்டுப் பூனைக்கும் இத்தகைய நிலைத்த அடையாளங்கள் உண்டு. நீண்ட கால்கள், உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள குட்டை வால், வால் நுனி கறுப்பு, அதற்கு முன் சில வளையங்கள், செவி நுனியில் சிறு கருங்குஞ்சம். முன்னங்கால்களின் உட்புறத்தில் உள்ள பட்டைகள் வளர்ந்த பின்னும் மங்கலாகத் தெரியும். அந்தக் குட்டியின் வாலை நான் அளந்து பார்த்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

நெல்லூரில் வளர்ந்த பூனை

குட்டியைச் சரியான உணவோடு வளர்த்திருந்தால் அது வீட்டுப் பிராணியாகியிருக்குமா? இதற்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் பகுதியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்றான துரும்பன் பூனை இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் வாழ்கிறது. துரு நிறப் புள்ளிகளை உடையது. எடை ஒன்றரை கிலோ அளவே. 1831ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் இசிதோர் ழெப்ருவா செயிந்திலேர் இவ்வினத்திற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது ஆராய்ந்தது புதுச்சேரியில் கிடைத்த விலங்கையே ஆகும்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய இயற்கையியல் அறிஞர் ஜெர்டன், 1846இல் நெல்லூரில் இருந்தபோது இவ்வினக் குட்டி ஒன்றை வளர்த்தார். அது நன்றாகப் பழகியது. விளையாட்டிலும் துள்ளலிலும் கண்டவர் மனத்தைக் கவர்ந்தது. எட்டு மாதம் ஆனபோது, சிறு மான் கன்று ஒன்று இருந்த அறைக்குள் அதை விட்டார். கண்ட மாத்திரத்தில் அது பாய்ந்து கன்றின் பிடரியைக் கவ்வியது. அரும்பாடுபட்டே அதைப் பிரிக்க முடிந்தது. மனிதன் கையில் பால் குடித்து வளர்ந்த பூனைக்குப் பிடரியைக் கவ்வ யார் கற்றுத் தந்தார்கள்? ஒருவரும் இல்லை. வளர்ப்பினால் அச்சம் குறையும்; இயல்பு மாறாது. வீட்டுப் பூனையின் சாதுத் தன்மை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக வந்தது. அதை ஒரு குட்டிக்கு ஒரு வீட்டில் ஊட்டிவிட இயலாது.

கூண்டு வாழ்வின் தேவைகள்

காட்டுப் பூனையினங்களைக் காப்பில் வைத்துப் பேணுவது தனிக்கலை. முதலாவது உணவு. பூனையின் தாய்ப்பாலில் பசும்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல் புரதம் உண்டு. பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகம். அந்தச் சர்க்கரையைச் செரிக்க இயலாமல் குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாகி உடல் நீர் வற்றுகிறது. எங்கள் பெட்டியில் நடந்தது இதுவே எனக் கருதுகிறேன். குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பால் ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயமும் உண்டு.

வளர்ந்த பூனைக்கு எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால்கள் வளையும். டாரின் என்னும் சத்து இல்லாத உணவால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயமும் நலிவடையும் என்பது 1987இலும் ஆய்வுகளால் தெரிய வந்தன. காட்டில் எலியை எலும்போடும் குடலோடும் தின்னும் பூனைக்கு இக்குறைகள் இல்லை.

இரண்டாவது இடம். இரவில் நெடுந்தொலைவு நடக்கும் விலங்குக்கு மறைவிடம், ஏறுவதற்குக் கிளை, முகர்வதற்கு மண் ஆகியன வேண்டும். இவை இல்லாத கூண்டில் அது ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். அது நோயின் அறிகுறி. மூன்றாவது நோய்த்தடுப்பு. வீட்டுப் பூனைகளிடமிருந்து பரவும் கொடிய தொற்றுகள் காட்டுப் பூனையையும் தாக்கும்.

இத்தகைய வசதிகளுக்காகத்தான் உயிரியல் பூங்காக்கள் இருக்கின்றன. 1855இல் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய சென்னை விலங்குக் காட்சிச் சாலை, நெருக்கடியான நகர்ப் பகுதியை விட்டு 1985இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆயிற்று. சுமார் 600 எக்டர் பரப்பில் பள்ளமும் திறந்த வெளியுமாக அமைத்ததே, கூண்டு வாழ்வின் குறைகளை மனிதன் உணர்ந்ததற்கு அடையாளம்.

நிறத்தை விரும்புவதால் வரும் கேடு

காப்பில் இருக்கும் விலங்கின் அரிய நிறத்தை மனிதன் பெரிதும் விரும்புகிறான். 1951இல் ரேவா மன்னரால் பிடிக்கப்பட்ட மோகன் என்ற வெள்ளைப் புலியை அதன் மகளோடே இணைத்து, 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றனர். வெண்மைக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட அந்த மரபில் மாறுகண் முதலிய குறைகள் தோன்றின. வெண்மை தனி இனத்தின் அடையாளம் அன்று. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றமே காரணம் என்று 2013இல் கண்டறிந்தனர். வரியைக் கண்டு “புலிக்குட்டி” என்று எங்கள் தெருப் பிள்ளைகள் தூக்கி வந்ததும் இந்த ஆசையின் சிறு வடிவமே.

நாம் செய்யத் தக்கது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பூனையைக் காக்கிறது. அதைப் பிடிப்பதும் வேட்டை என்றே கருதப்படும். ஆகவே புதரில் குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி நிற்பதே முதற்கடமை. தாய் இரை தேடப் போயிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். தெரியாமல் எடுத்துவிட்டால், அன்றிரவே எடுத்த இடத்தில் வைப்பது குறித்து வனத்துறையினரிடம் உடனே கேட்க வேண்டும். மகாராட்டிர மாநிலம் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது அகப்படும் சிறுத்தைக் குட்டிகளைக் கூட அதே வயலில் இரவு பெட்டியில் வைத்துக் காத்திருந்து, தாயோடு பலமுறை சேர்த்திருக்கிறார்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்ற எண்ணம் தவறு என்பதை அது மெய்ப்பிக்கிறது.

முடிவுரை

தாம்பரத்தைச் சுற்றிலும் ஏரிக்கரைகளும் நன்மங்கலம் காப்புக் காடும் இன்னும் எஞ்சியிருக்கின்றன. எலிகளைத் தின்று வாழும் வெருகு அங்கே நமக்கு அயலானாக இருக்கிறது. தோலில் உள்ள வரி வயதால் மறையும், பருவத்தால் மாறும், மரபால் வேறுபடும். உள்ளே இருக்கும் காடு மறைவதில்லை. இதை நூல்கள் வழியே நான் அறிந்துகொள்ள ஓர் உயிர் விலையாயிற்று. நூலைத் திறக்காமலே அறிந்திருந்தவர் அந்த மாடு மேய்க்கும் பெரியவர். பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் அவரைக் கண்டு, குட்டி இறந்த செய்தியைச் சொன்னேன்.

“தாய் மூணு ராத்திரி அந்த மனையில சுத்திச்சு, தம்பி” என்றார் அவர்.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்கள் நாளை ஒரு வரிக் குட்டியைக் காண நேர்ந்தால், அதன் வரியைப் பார்த்து முடிவு கூறுமுன் அதன் தாயை நினைப்பார்களாக.